துணையிருப்போரின் பொங்கல்

தை பிறக்க இன்னும் சில நாள்களே இருக்கின்றன. காரைக்கால் கடைத்தெருவுக்குக் கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளும் வரத் தொடங்கிவிட்டன. இந்நாள்களில் காலைச் சுற்றுக்காக வார்டுக்குள் நுழையும்போது எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி, "பொங்கலுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா?" என்பதுதான். சிலருக்கு 'ஆம்' என்று சொல்ல முடிகிறது. மற்றவர்களுக்கு விடை சொல்லும்போது நாங்கள் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும். டயாலிசிஸ் எந்திரத்துக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. எலும்பு முறிவுக்கும் பக்கவாதத்துக்கும் நாள்காட்டி தெரியாது.

வீட்டுக்குச் செல்ல இயலாத அவர்களையும், அவர்களுடைய கட்டிலருகே பாய் விரித்துப் படுத்திருப்பவர்களையும் மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். பொங்கல் நன்றியின் திருநாள் என்று நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த நன்றி யாருக்குப் போய்ச் சேர்கிறது, யாருக்குச் சேராமல் நின்றுவிடுகிறது என்பதை இம்முறை சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அறுவடைக்குப் பின் நன்றி கூறும் நாள் உலகின் பல நாடுகளில் உண்டு. கனடாவில் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கள்கிழமையும், அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையும் அதற்கென ஒதுக்கப்பட்டவை. அமெரிக்க நாளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1863ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போர் கடுமையாக நடந்துகொண்டிருந்தபோதுதான் அதிபர் ஆபிரகாம் லிங்கன் அதை நாடு முழுவதற்குமான நன்றி நாளாக அறிவித்தார். எண்ணற்ற வீடுகளில் சாவு விழுந்திருந்த காலம் அது. எல்லாம் நலமாக இருக்கும்போது மட்டுமே நன்றி தோன்றும் என்பதில்லை.

நம் ஊருக்கு இது புதிய செய்தியன்று. காரைக்கால் காவிரியின் கடைமடை. வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் மேட்டூரில் திறக்கப்படும் நீர், கல்லணையைக் கடந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகக் குறைந்து, எல்லாருக்கும் பிறகே நம் வயலுக்கு வருகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் தந்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, ஒதுக்கப்பட்டது 7 டி.எம்.சி. நீர், 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. தாளில் எழுதியிருப்பது வாய்க்காலில் வந்து சேருகிறதா என்பது ஆண்டுதோறும் எழும் கவலை. திருநள்ளாற்றிலும் நெடுங்காட்டிலும் சம்பா விளைந்து புதுப்பானையில் அரிசி பொங்குகிறதென்றால், அதற்கு முன் எத்தனை முறை மனம் கலங்கியிருக்கும் என்பதை அந்த வீட்டுக்காரர் அறிவார். கடைமடைக்காரரின் நன்றியில் பயமும் கலந்திருக்கும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவரின் நன்றியும் அப்படிப்பட்டதே.

நன்றி கட்டிய கோபுரங்கள்

இந்தக் கடற்கரை முழுவதுமே பிணி தீர்ந்தவர்களும் பிழைத்தவர்களும் செலுத்திய நன்றிகளால் ஆனது என்று சொன்னால் மிகையாகாது. நம் ஊரிலேயே ஆனி மாதத்தில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிட்சாடனர் வீதியுலா வரும்போது வேண்டுதல் நிறைவேறியவர்கள் மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைக்கிறார்கள். பிள்ளை வரம் வேண்டுவோர் கீழே நின்று அவற்றை ஏந்துகிறார்கள். ஒருவருடைய நன்றி இன்னொருவருடைய நம்பிக்கையாக மடியில் விழுகிறது. தெற்கே நாகூரில், தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்ப நாயக்கர் தம் நோயைத் தீர்த்த சாகுல் ஹமீது ஆண்டகைக்கு நன்றியாக நிலம் அளித்தார் என்பது மரபு. பின்னாளில் மராட்டிய மன்னர் பிரதாப சிங்கர் மகப்பேறு வாய்த்ததற்காக அங்குள்ள பெரிய மினாராவை எழுப்பினார் என்பர். இன்னும் தெற்கே வேளாங்கண்ணியில், புயலில் சிக்கிக் கரையேறிய போர்த்துக்கீசிய வணிகர் நன்றியாகக் கட்டிய சிற்றாலயத்திலிருந்தே இன்றைய பேராலயம் வளர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. குணமடைந்தோர் காணிக்கையாகத் தந்த கண், கை, கால் உருவங்களை அங்குள்ள காட்சிக்கூடத்தில் இன்றும் காணலாம்.

எங்கள் நோயாளிகளில் பலர் டிஸ்சார்ஜ் ஆனதும் இந்த இடங்களில் ஒன்றுக்கோ மூன்றுக்குமோ செல்கிறார்கள். அதற்கு முன்பே மருத்துவரிடம் கைகூப்பி, செவிலியருக்கு இனிப்பு வாங்கித் தந்துவிடுகிறார்கள். எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த இனிப்புப் பெட்டி கைமாறும் நேரத்தில் ஒருவர் மட்டும் பின்னால் நின்று, பிளாஸ்க்கையும் தலையணையையும் துணிப்பையில் திணித்துக்கொண்டிருப்பார். இருபது நாள் பெட் பேன் பிடித்தவர் அவர். மூக்குக் குழாயில் இரண்டு மணிக்கொரு முறை கஞ்சி ஊற்றியவர் அவர். மருந்தகத்தில் வரிசையில் நின்றவரும், ஸ்கேன் அறை வாயிலில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தவரும் அவரே. அவருக்கு யாரும் நன்றி சொல்லி நாங்கள் கேட்டது குறைவு.

வீட்டில் ஏன் சொல்வதில்லை?

தமிழ்க் குடும்பங்களில் மனைவிக்கோ தாய்க்கோ 'நன்றி' என்று சொல்வது செயற்கையாகப்படுகிறது. சொன்னால், "என்ன, அந்நியமாகப் பேசுகிறீர்கள்?" என்ற கேள்வி வரும். இதை நாம் குறையாகக் கருதவில்லை. நம்முடைய உறவுகளில் நன்றி வேறு உருவங்களில் வாழ்கிறது: "சாப்பிட்டாயா?" என்று கேட்பதில், மீன் துண்டில் பெரியதைத் தட்டில் தள்ளிவிடுவதில், பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுப் படியேறுவதில். நோய் வரும்போது நேரும் சிக்கல் என்னவெனில், இந்த வழிகள் எல்லாம் ஒரே நாளில் அடைபட்டுப் போகின்றன. படுத்திருப்பவரால் சீர் கொண்டுபோக முடியாது. தட்டில் துண்டு தள்ளவும் முடியாது. மிஞ்சியிருப்பது சொல் ஒன்றே. அதைப் பயன்படுத்தியோ பழக்கமில்லை.

இங்கே நம் மொழியே ஒரு வழி காட்டுகிறது. 'நன்றி' என்னும் சொல்லுக்குப் பழைய பொருள் நன்மை என்பதே. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். ஒருவர் செய்த நன்மையை அறிந்திருத்தல் என்பதே அதன் பொருள். அதற்கு முந்தைய அதிகாரம் 'இனியவை கூறல்' என்பதையும் நினைவிற்கொள்ளலாம். ஆகவே 'நன்றி' என்ற சொல்லை உச்சரிக்கக் கூச்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள். அவர் செய்ததை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்பதைத் தெரிவித்தால் போதும். "நேற்று ராத்திரி எனக்காக மூணு தடவை எழுந்திரிச்ச. நான் தூங்கலை, பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்று ஒருவர் தம் மனைவியிடம் சொன்னால், அதில் 'நன்றி' என்ற சொல் இல்லை. ஆனால் செய்ந்நன்றி அறிதல் முழுமையாக இருக்கிறது.

இதைச் சொல்லத் தயங்குவது நம்மவர் மட்டுமல்லர். அமெரிக்காவில் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்னும் இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தமக்கு உதவிய ஒருவருக்குக் கடிதம் எழுதும்படி சிலரைக் கேட்டுக்கொண்டனர். பெறுபவர் எவ்வளவு மகிழ்வார், எவ்வளவு சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் முன்கூட்டியே கணித்தனர். பெற்றவர்களிடம் கேட்டபோது, கணித்ததைவிட மகிழ்ச்சி மிகுதியாகவும் சங்கடம் குறைவாகவும் இருந்தது தெரியவந்தது. 'என்ன நினைத்துக்கொள்வாரோ' என்று நாம் அஞ்சுகிற அளவுக்கு மறுமுனையில் சங்கடம் இருப்பதில்லை.

காரைக்காலுக்கே உரிய ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். நம் ஊரில் பல வீடுகளில் மகனோ மகளோ பிரான்சில் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பு வரும். அம்மாவின் முகம் மலரும். பக்கத்துக் கட்டில்காரரிடம் போனைக் காட்டி, "என் பிள்ளை, எவ்வளவு அக்கறை பாருங்கள்" என்பார். அந்தப் போனைக் கை நடுங்காமல் பிடித்துக்கொண்டிருப்பவர் உள்ளூர் மருமகள். தொலைவிலிருக்கும் பிள்ளையின் அன்பில் நாம் ஐயம் கொள்ளவில்லை. மருத்துவச் செலவின் பெரும்பகுதி பல வேளைகளில் அங்கிருந்துதான் வருகிறது. ஆயினும் அருகிலிருப்பவரின் உழைப்பு, காற்றைப்போலக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் வேண்டுகோள்: அடுத்த அழைப்பில் போனைப் பிடித்திருப்பவரிடமும் ஐந்து நிமிடம் பேசுங்கள். அம்மாவின் சர்க்கரை அளவைப் பற்றி வேண்டாம். அவர் தூங்கினாரா என்று கேளுங்கள்.

கடனும் நன்றியும்

நோயாளிகள் எங்களிடம் தனியே சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "இவங்களுக்கெல்லாம் பாரமாகிட்டேன்." சிலர் இதனாலேயே வலியை மறைக்கிறார்கள், இரவில் தண்ணீர் கேட்காமல் இருக்கிறார்கள், கழிவறைக்குத் துணையின்றி எழுந்து கீழே விழுகிறார்கள். சென்ற மாதங்களில் நாங்கள் கண்ட வீழ்ச்சிகளில் சிலவற்றுக்குக் காரணம், "அவளை எழுப்ப மனசு வரலை" என்பதே. நன்றி உணர்வு கடன் உணர்வாகத் திரிந்துபோனால் விளைவது இதுதான். கடன்பட்டவர் கண்ணை நேரே பார்க்கமாட்டார், ஒளிந்துகொள்ளவே விரும்புவார்.

"உனக்கு என்னால் எவ்வளவு கஷ்டம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அடுத்தவர் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தேற்ற வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே களைத்தவருக்கு அது இன்னொரு வேலை. அதற்குப் பதிலாக அவர் செய்த ஒரு செயலைக் குறித்துச் சொல்லுங்கள். தேற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு இராது; கேட்டுக்கொண்டால் போதும். பிறகு, இரவில் அவரை எழுப்புங்கள். எழுப்பாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவருடைய உறக்கம் மாதக்கணக்கில் போய்விடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறோம்.

நன்றி உணர்வு நோயாளிக்கும் பயன் தருமா என்று கேட்போர் உண்டு. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி, நரம்பும் தசையும் தொடர்பான நீண்டகால நோயுள்ளவர்களிடம் நடத்தப்பட்டது. 21 நாள், நாள்தோறும், நன்றியுடன் எண்ணத்தக்கவற்றை ஒரு பிரிவினர் எழுதினர். மற்றப் பிரிவினரைவிட அவர்களுடைய மனநிலை மேம்பட்டிருந்தது, உறக்கமும் கூடியிருந்தது, உடன் வாழ்ந்தவர்களும் அம்மாற்றத்தைக் கண்டதாகக் கூறினர். நோய் குணமாயிற்று என்று அவ்வாய்வு சொல்லவில்லை. நாங்களும் சொல்லமாட்டோம். 'நல்லதையே நினை, நோய் பறந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பி மருந்தை நிறுத்தியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நன்றி என்பது மருந்துக்கு மாற்றன்று. உறக்கம் சற்று நன்றாக வருமானால் அதுவும் நீண்டகால நோயில் சிறிய பயனன்று, அவ்வளவே.

எழுதும் பழக்கமில்லாதவர்கள், இரவு விளக்கணைக்கும் முன் அன்று நடந்த ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம். பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஊசி ஒரே குத்தில் நரம்பில் ஏறியது, பக்கத்துக் கட்டில் அம்மா ரசம் பகிர்ந்தது, ஜன்னல் வழியே கடற்காற்று வந்தது. கடமையாக ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள்.

சொல்ல இயலாதவர்களும், சொல்ல மனமில்லாதவர்களும்

பக்கவாதத்தால் பேச்சிழந்தவரிடமிருந்தும் மறதி நோயாளியிடமிருந்தும் நன்றி வராது. சில வேளை ஏச்சும் அடியும் வரும். அது நோயின் செயல் என்று மூளை அறிந்திருந்தாலும் மனம் நோகத்தான் செய்யும். அந்த வீடுகளில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் மற்ற உறவினர்கள். வெறும் சொல்லாக அன்று. காணும் பொங்கலன்று பார்க்க வருகிறவர்கள் பழமும் பிஸ்கட்டும் கொண்டுவருவதைவிட, "நான் நாலு மணிநேரம் இருக்கிறேன், நீ போய்த் தூங்கு" என்று சொல்வது மேல். உறக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், தம் சர்க்கரை மாத்திரையைத் தாமே மறத்தல், காரணமின்றிக் கண்ணீர் ஆகியவை துணையிருப்பவரும் நோயாளியாகிக்கொண்டிருப்பதன் அறிகுறிகள். அவரிடம் கண்டால் எங்களிடம் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு எழுதத் தயங்கமாட்டோம்.

நன்றி சொல்ல மனமில்லாத பொங்கலும் உண்டு. வீட்டில் சாவு நேர்ந்த ஆண்டில் பானை வைப்பதில்லை என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தில் அறிவு இருக்கிறது: மகிழ வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அது குடும்பத்தை ஓராண்டு விடுவிக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் மீனவக் கிராமங்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனபின் மூன்று வாரம் முடிவதற்குள் பொங்கல் வந்தது. பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் அந்தத் தையில் யாரும் யாரையும் 'நன்றியோடு இரு' என்று கேட்டிருக்க முடியாது. இன்று கடும் நோய்ச்செய்தி கேட்டிருப்பவரிடமும் அப்படிக் கேட்க வேண்டாம். "எவ்வளவோ பேர் இதைவிட மோசமாக இருக்கிறார்கள்" என்னும் ஆறுதல், சொல்பவருக்கே ஆறுதல்.

பண்டிகைத் தட்டைப் பற்றிச் சில சொற்கள்

அன்பைத் தட்டில் காட்டும் ஊர் நம்முடையது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். வெல்லம் இயற்கையானது, ஆகவே சர்க்கரை நோயாளிக்குத் தீங்கில்லை என்பது தவறு. அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். இரண்டு கரண்டி ஆசைக்கு உண்டு, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம்; மாத்திரையையோ இன்சுலினையோ தாமாகக் கூட்டவோ விடவோ கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இளநீர், வாழைப்பழம், கரும்புச்சாறு ஆகியவை ஆபத்தானவை. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பொங்கல் குழம்பின் கிழங்குகளை மிகுந்த நீரில் வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சிறிதளவு தரலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் போகி விடியலில் கதவு ஜன்னலை அடைத்து உள்ளே இருக்கட்டும். இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தாத அண்டை வீட்டாருக்கு நாங்களே நன்றி சொல்லிக்கொள்கிறோம்.

பொங்கலன்றும் டயாலிசிஸ் பிரிவு வழக்கம்போல் இயங்கும். அப்பிரிவுக்கு வாரம் மூன்று முறை ஒரு மீனவர் வருகிறார். படகில் பல ஆண்டு உழைத்தவர். அதிகம் பேசமாட்டார். அழைத்துவருபவர் அவருடைய மனைவி. நான்கு மணிநேரமும் வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்பார். அண்மையில் ஒருநாள் ஊசி ஏற்றிக்கொண்டிருந்த செவிலியரிடம், மனைவியின் காதில் விழும்படி, அவர் சொன்னார்: "விடியக்காலம் ஏலத்துக்குப் போயி, கூடையைத் தூக்கி, வித்துட்டு வந்து, அப்புறம் குளிச்சிட்டு என்னைக் கூட்டியாறா. அது எனக்குத் தெரியும் சிஸ்டர்."

அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "ஊசி சரியா ஏறிச்சான்னு பாருங்க, சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போனார். அன்று நான்கு மணிநேரமும் அவர் உறங்கினார். முடிந்தது என்று சொல்ல நாங்கள்தாம் எழுப்ப வேண்டியிருந்தது.